லிதாரியில் இறங்க ஒரு கை

லிதாரி தீவு
12 பிப்ரவரி 1984

என் அண்ணன் யக்குமிஸுக்கு,

நீயும் தெஸ்பினா அண்ணியும் மரூசாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதா கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முணுமுணுக்கும், மழை வந்ததும் வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டு செய்தி. முதலாவதை நின்றுகொண்டே படிக்கலாம். நம் தீவுக்குக் கடல்பாலம் வருகிறது! பாறாங்கல் ஏற்றிய மிதவைகள் வந்துவிட்டன. இனிமேல் கப்பல் நேராகப் பாலத்தில் கட்டும், ஆட்கள் மகாராஜா மாதிரி நடந்து இறங்குவார்கள். இத்தனை காலமும் கப்பல் தள்ளி நிற்கும், பந்தெலிஸ் படகைக் கொண்டுபோவான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குதிக்க வேண்டும். பிஷப் வந்தாலும் அவன் கைதான், ஆடு வந்தாலும் அவன் கைதான்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நீ கப்பல் தட்டில் நின்று கத்தினாய்: "இந்தத் தீவுல எறங்க இவன் கையத்தான் புடிக்கணும்னா, நான் இந்தப் பக்கமே வரலடா!" ஊரே கேட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். அம்மா போனபோதும் காப்பாற்றினாய். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பாலத்தை எங்கே கட்டுவது என்பதில் போன குளிர்காலம் முழுக்க அடிதடி. மேல் காபிக்கடை எதிரில் கட்டினால் கீழ் காபிக்கடைக்காரர்கள் விஷம் குடிப்பார்களாம். கீழ்க்கடை எதிரில் என்றால் மேல்கடைக்காரர்கள். கடைசியில் ஓட்டெடுத்து, இரண்டு கடையும் இல்லாத வடக்குத் துறையில் என்று முடிவானது. எல்லாருக்கும் சம அளவு தூரம், எல்லாருக்கும் சம அளவு வருத்தம்.

இப்போது உட்கார்ந்துகொள். எனக்குக் கல்யாணம்.

நாற்பத்தைந்து வயதில் என்ன கல்யாணம் என்று கேட்காதே, இங்கே எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை இந்தத் தீவுக்காரர். குடி கிடையாது. பல் அத்தனையும் சொந்தப் பல். பெயரை நீ வந்ததும் சொல்கிறேன். ஆகஸ்ட் விரதமும் மாதா திருவிழாவும் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பதாம் தேதி.

கோயில் வாசலில் என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க அப்பா இல்லை. நீதான் இருக்கிறாய். "மாமா முறையில யாராச்சும் குடுத்தாப் போதும்மா" என்றார் பாதிரியார். முடியாது என்றுவிட்டேன். நீ கொடுக்காமல் நான் வாசலைத் தாண்ட மாட்டேன், அண்ணா.

போன் செய்யாதே. இருக்கும் ஒரே போன் மளிகைக்கடையில் இருக்கிறது, நாம் பேசினால் தீவே வரிசையில் நின்று கேட்கும்.

அண்ணிக்கும் மரூசாவுக்கும் என் முத்தங்கள்.

உன் தங்கை,
கலிரோயி


மெல்பர்ன்
8 மார்ச் 1984

தங்கச்சி கலிரோயிக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் ரத்த அழுத்தம் உன் கடிதம் வரும்வரை நலமாக இருந்தது.

கல்யாணமா! கடையில் மீன் பொரித்துக்கொண்டே படித்தேன், ஒரு கூடை மீன் கருகிவிட்டது. ஒரு தட்டு வாங்க வந்தவனுக்கு இரண்டு தட்டு சும்மா கொடுத்தேன். அப்புறம் பின்கட்டுக்குப் போய் அழுதேன். தெஸ்பினா பார்த்துவிட்டாள். வெங்காயம் என்றேன். "நம்ம கடையில ஏதுங்க வெங்காயம்?" என்றாள்.

யார் அந்த ஆள்? பள்ளிக்கூட வாத்தியாரா? அவர் கவிதை எழுதுவாராமே, வேண்டாம். போலீஸ்காரரா? மாற்றலாகிப் போய்விடுவார். பெயரைச் சொல்லாமல் பல்லை மட்டும் சொன்னால் நான் என்ன செய்ய?

பாலம் வருவது எனக்குச் செய்தி அல்ல, வரம். நீ பழைய கதை என்று நினைப்பாய். எனக்கு அது தினமும் புதுசு. நான் கண்டம் விட்டுக் கண்டம் போகிறேன். அப்பா தைத்துக் கொடுத்த கோட்டும் சூட்டும் பெட்டியில். அந்தப் பந்தெலிஸ் படகில் நின்றுகொண்டு பெட்டியைத் தூக்குகிறான், கப்பல் ஏணிப்பக்கம் நீட்டுகிறான், நான் பிடிப்பதற்குள் விட்டுவிட்டான். பெட்டி கடலில். அதுகூடப் பரவாயில்லை. சிரித்தானே! நான் பார்க்கப் பார்க்க, ஊர் பார்க்கப் பார்க்க, தோள் குலுங்கச் சிரித்தானே!

மெல்பர்னில் மீன்வாடை அடிக்கும் கம்பளிச் சட்டையோடு கொளுத்தும் டிசம்பரில் இறங்கினேன். எனக்கு முன்னாலேயே ஊர்க்கடிதங்கள் வந்து இறங்கியிருந்தன. நம் தீவுச் சங்கத்தில் அன்றைக்கு வைத்த பெயர் 'பெட்டி'. இன்றைக்கும் அதுதான். மரூசாவையே 'பெட்டி மகள்' என்கிறார்கள்.

போகட்டும். வருகிறோம். கடையை மரூசாவும் அவள் தாய்மாமனும் பார்த்துக்கொள்வார்கள். பாலத்தின் வழியாக நடந்து வருவேன், யார் கையையும் தொட மாட்டேன், உன் கையை மட்டும் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். அப்புறம் நீளமணலுக்குப் போய் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பேன். அந்தச் சிறுசவுக்கு மரங்கள் இருக்கின்றனவா? வாரத்தில் இரண்டு கனவு அங்கேதான் நடக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். கொஞ்சமாகத் தேய், எரியும்.

உன் அண்ணன்,
யக்குமிஸ்


மெல்பர்ன்
9 மார்ச் 1984

அன்பு நாத்தனாருக்கு,

நலம்தானே? இங்கே உன் அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காமல் மாப்பிள்ளைப் பட்டியல் போடுகிறார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

தீவில் எல்லாரையும் பற்றி எழுதுகிற நீ, கல்யாணத்துக்குத் தேதி, விரதம், பாதிரியார் எல்லாம் எழுதிய நீ, பெயரை மட்டும் விழுங்கியிருக்கிறாய். யார் பெயரைச் சொன்னால் உன் அண்ணன் வராமல் போவார்? எனக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரே ஆள்தான்.

பந்தெலிஸ்தானே?

பதிலை என் அக்கா வீட்டு முகவரிக்கு எழுது. நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்று ஒரு வரி விடாமல் எழுத வேண்டும். இங்கே குளிர் வரப்போகிறது, எனக்கும் சுவாரசியமாக ஏதாவது வேண்டாமா?

தெஸ்பினா


லிதாரி
28 மார்ச் 1984

அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிவந்துபோய் கோழிகளுக்கு இரண்டு தடவை தீனி போட்டுவிட்டேன். நலமாக இருக்கிறேன். ஆமாம். பந்தெலிஸ்தான்.

அவன் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா என்றே எனக்கு இன்னும் பழகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் ஜடையை மையில் முக்கிய ஆளை எப்படி அவர் என்பது? உங்களுக்கு மட்டும் அவன் என்றே எழுதுகிறேன்.

பெட்டி விழுந்த அடுத்த வசந்தத்தில் அவன் என் வாசலுக்கு வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். சிரித்தான். சிரித்துக்கொண்டே நின்றான். அண்ணன் பெட்டியை நினைத்து இன்னும் சிரிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தினேன். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் மறுபடி வந்தான். மறுபடி சிரிப்பு. மறுபடி கதவு. அம்மா போய் ஒரு வருஷம் கழித்து மூன்றாவது முறை. கருப்புத் துணி கட்டியிருக்கும் வீட்டு வாசலில் வந்து சிரிக்கிறானே, மனுஷனா இவன் என்று அன்றைக்குத் துடைப்பத்தைத் தூக்கிவிட்டேன்.

போன நவம்பரில் அவன் அம்மா இறந்தார். கல்லறையில் பாதிரியார் ஜெபம் சொல்கிறார், இவன் தோள் குலுங்கச் சிரிக்கிறான்! ஊர் முழுக்க முறைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது, அண்ணி. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "பயம் வந்தா எனக்கு இப்படித்தான் கலிரோயி. சின்னதுலேருந்தே. நிறுத்தவே முடியல" என்றான்.

இறங்கி வரும் வழியில் கேட்டேன். "அப்ப என் வாசல்ல வந்து நின்னப்பவும்?"

"பயம்தான்."

"அண்ணன் பெட்டி விழுந்தப்பவும்?"

"செத்தே போயிட்டேன் அன்னிக்கு. நீ நீல முக்காடு போட்டுக்கிட்டுக் கரையில நின்ன. ஒன்னப் பாத்துக்கிட்டே பெட்டிய விட்டுட்டேன்."

"சரி, மூணு தடவ என் வாசலுக்கு என்னதான் கேக்க வந்த?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான். பாதையில் குத்துக்கல் மேல் உட்கார்ந்து ஹிஹி என்று சிரிக்கிறான். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். "போதும்ய்யா. எனக்குச் சம்மதம்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு சிரிப்பினால் போயிற்றே என்று அன்றிரவு அழுதேன். காலையில் எழுந்ததும் அதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அண்ணனிடம் இப்போது சொன்னால் வர மாட்டார். வந்து இறங்கி, நீளமணலில் ஒரு முழுக்குப் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். தப்பா?

உங்கள் கலிரோயி


மெல்பர்ன்
10 மே 1984

தங்கச்சி,

சுகமா? நாங்கள் சுகம். நான் சுகத்துக்கும் மேலே, ஏனென்றால் உன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்!

சங்கத்தில் ஒருத்தர் ஈஸ்டருக்கு ஊருக்குப் போய் வந்தார். "ஒன் தங்கச்சி தெனம் காலையில பேக்கரிக்குப் போய் ரொம்ப நேரம் நின்னு பேசுறாப்பா" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரொட்டிக்காரர் தியோதோசிஸ்! மனைவியை இழந்தவர், குடி கிடையாது. வயது எழுபதைத் தாண்டியிருக்குமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் பல் சொந்தப் பல் என்றாய். நல்ல மனுஷன். என் சிறுவயதில் உடைந்த பிஸ்கட்டெல்லாம் எனக்குத்தான் கொடுப்பார்.

நீ கூச்சப்படுகிறாய் என்று நானே அவருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதிவிட்டேன். 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறேன், என் தங்கையைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நாலு பக்கம். தெஸ்பினா அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆனந்தம்தான்.

விமான டிக்கெட் எடுத்தாயிற்று. பாலம் எந்த அளவில் இருக்கிறது? புது சூட் தைத்துவிட்டேன். இந்த முறை பெட்டி என் கையை விட்டு நகராது.

யக்குமிஸ்


லிதாரி
3 ஜூன் 1984

அண்ணா,

சுகம் விசாரிப்பது இருக்கட்டும், நீ என்ன காரியம் செய்துவிட்டாய்!

தியோதோசிஸ் மாமா உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுகிறார். மேல் காபிக்கடையில் ஒரு தடவை, கீழ்க்கடையில் ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். நாலாம் பக்கத்தில் அவரே அழுதார். "இந்த வயசுல எனக்கு யாரு இப்படி எழுதுவாங்க?" என்று கேட்கிறார். நான் போய், மாமா, அது நீங்கள் இல்லை என்றேன். "தெரியும்மா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஆனா கடுதாசி எனக்குத்தான வந்துச்சு. திருப்பிக் குடுக்கமாட்டேன்" என்கிறார். நான் பேக்கரியில் நின்று பேசியது கல்யாண ரொட்டிக்கு.

ஆகவே இனி ஒளிக்க முடியாது. சாப்பிட்டுவிட்டாயா? சாப்பிட்டுவிட்டுப் படி.

பந்தெலிஸ். நான் கட்டிக்கொள்ளப் போவது பந்தெலிஸை.

அவர் அன்றைக்குச் சிரித்தது பயத்தில். அவருக்குப் பயம் வந்தால் அப்படித்தான். அவர் அம்மாவின் கல்லறையில் என் கண்ணால் பார்த்தேன். அண்ணிக்கு முழுவதும் எழுதியிருக்கிறேன், கேட்டுக்கொள். அண்ணியைத் திட்டாதே, நான்தான் வாயைக் கட்டினேன்.

பாலம் முடிந்துவிட்டது. போன வாரம் கப்பல் முதன்முதலாகக் கட்டியது. கடல் எண்ணெய் மாதிரி இருந்தது, பாதிரியார் தண்ணீர் தெளித்தார், இரண்டு காபிக்கடைக்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீ யார் கையையும் தொடாமல் இறங்கலாம். டென்மார்க்கிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் என் மாடி அறையில் இருக்கிறார்கள். உச்சிவெயிலில் நீளமணலில் மல்லாந்து கிடந்து கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டார்கள், தயிர் தடவி விட்டேன். பாலம் வந்ததால் பந்தெலிஸுக்குக் கப்பல் வேலை இல்லை. படகுக்கு நீலம் அடித்து, இப்படி வருகிறவர்களை மணலுக்கு மணல் கூட்டிப்போகிறார்.

சிறுசவுக்கு மரங்கள் இருக்கின்றன. வேருக்கு மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டேன், உனக்காக.

வருவாய்தானே, அண்ணா?

கலிரோயி


மெல்பர்ன்
28 ஜூன் 1984

கலிரோயி,

தெஸ்பினா வருவாள். நான் வருவதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

உலகத்தில் இத்தனை கை இருக்கிறது. உன் கையை நான் அந்தக் கையில் கொடுக்க வேண்டுமா?

தைலம் தீர்ந்திருக்கும். இன்னொரு புட்டி அனுப்பியிருக்கிறேன்.

யக்குமிஸ்


லிதாரி
14 ஜூலை 1984

மரியாதைக்குரிய திரு. யக்குமிஸ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கடைசியாக எழுதியது ராணுவத்திலிருந்து, கம்பளி கேட்டு.

நான் எழுதுவது கலிரோயிக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாள். அடித்த சுவரையே மறுபடி அடிக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பெட்டியை விட்டது என் தப்பு. சிரித்தது என் உடம்பின் தப்பு. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் போன பிறகு அந்த இடத்தில் முழுகித் தேடினேன். ஒரு காலணி மட்டும் கிடைத்தது. இடது கால். இன்னும் வைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டு.

உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வேண்டாம். நீங்கள் வரும் நாளில் நான் படகோடு நீளமணலுக்குப் போய்விடுவேன். ஊரில் இருக்க மாட்டேன். பாலத்தில் நிம்மதியாக இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உங்கள் மனம் எப்படியோ அப்படி. நீங்கள் கொடுக்காமல் அவள் வர மாட்டாள். அவள் வராவிட்டால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், காத்திருந்து பழக்கம்தான்.

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பந்தெலிஸ், படகுக்காரன்


பிரேயஸ் துறைமுகம்
12 ஆகஸ்ட் 1984

கலிரோயி,

அவசரமாக இந்த அட்டை. இன்று கிளம்பும் கப்பல்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நாங்கள் நாளைக் கப்பலில்.

அவரும் என்னோடு வருகிறார்! மெல்பர்னிலிருந்து இதுவரை நாலே வார்த்தைதான் பேசினார், நாலும் விமானச் சாப்பாட்டைப் பற்றி. பந்தெலிஸின் கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. குளியலறையில் உட்கார்ந்து படிக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. "எண்ணெய் போட்டு வச்சிருக்கானாம், முட்டாப்பய" என்று நேற்றுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையைக் கொடுப்பாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிறார்.

இங்கே வடகாற்று எழும்பியிருக்கிறது. அங்கே எப்படி?

தெஸ்பினா


லிதாரி தீவு
21 ஆகஸ்ட் 1984

என் கண்ணு மரூசாவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? எண்ணெயை வாரத்துக்கு இருமுறை மாற்றுகிறீர்களா? நாங்கள் நலம். அம்மா கறுத்துவிட்டாள், நான் சிவந்துவிட்டேன். நடந்ததை அம்மா உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், அவள் சொன்னால் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வாள்.

பாலத்தை வடக்குத் துறையில் கட்டினார்கள் என்று அத்தை எழுதியபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குளிர்காலத்தில் ஓட்டுப் போட்டவர்களுக்கும் உறைக்கவில்லை, அப்போது தென்காற்றுதானே. ஆகஸ்டில் வடகாற்று இந்தத் தீவை எப்படி அறையும் என்று பிறந்த குழந்தைக்குத் தெரியும். இரண்டு காபிக்கடை ரோஷத்தில் அத்தனை பேரும் மறந்தார்கள். நான் இருபத்துமூன்று வருஷம் மீன் பொரித்ததில் மறந்தேன். போன வாரம் திங்கட்கிழமை எங்கள் கப்பல் வந்தபோது அலை பாலத்தின் மேலே ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. கேப்டன் பார்த்தார், நம் ஊர் மொத்தத்தையும் ஒரு நல்ல வார்த்தை சொல்லித் திட்டினார், சுற்றிக்கொண்டு பழைய தெற்கு விரிகுடாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

சங்கு ஊதினார். படகு வரவில்லை. ஏன் வரும்? நான் நிம்மதியாக இறங்க வேண்டும் என்று அந்த ஆள் நீளமணலுக்குப் போய்விட்டான். மறுபடி ஊதினார். கரையில் உன் அத்தை வெள்ளை மேஜைவிரிப்பை ஆட்டுகிறாள், தியோதோசிஸ் ரொட்டிக்காரர் தொப்பியை ஆட்டுகிறார், பாதிரியார் கையை ஆட்டுகிறார். படகு மட்டும் இல்லை.

"வரலன்னா அடுத்த தீவுலதான் எறக்குவேன்" என்றார் கேப்டன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கடா தொலஞ்சான் அந்தப் பந்தெலிஸ்?" என்று கத்திவிட்டேன்.

"யாரு மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு வந்தீங்க?" என்றாள் உன் அம்மா.

அப்போதுதான் முனையைச் சுற்றிக்கொண்டு நீலப் படகு வந்தது. சங்கு கேட்டிருக்கிறது. படகில், அத்தையின் மாடியில் இன்னும் தங்கியிருக்கும் டென்மார்க் ஜோடி துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள், இறக்கிவிட நேரம் இல்லை போலிருக்கிறது. பந்தெலிஸ் தலை நரைத்துவிட்டது. ஒரு கையால் கப்பல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை உயர்த்தினான். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அம்மா இறங்கினாள், இறங்கியதும் அவன் கன்னத்தில் முத்தம் வேறு. கடைசியாக நான்.

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

எனக்கு அந்தப் பழைய கோபம் காலிலிருந்து ஏறியது, மரூசா. ஏறி பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அவன் கை நடுங்குவது மேலிருந்தே தெரிந்தது.

"பெட்டிய மொதல்ல குடுங்க" என்றான்.

"பெட்டி என்கிட்டயே இருக்கும்."

இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலை வைத்தேன். ஒரு அலை வந்தது, படகு சட்டென்று கீழே போய்விட்டது. என் ஒரு கால் ஏணியில், இன்னொன்று அந்தரத்தில்.

"பெட்டிய விடுய்யா! கையக் குடு!" என்று கத்தினான். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. கரையில் நின்ற உன் அத்தையை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தான்.

விட்டேன். கையைக் கொடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு, எனக்கு முன்னால் கப்பலிலிருந்து இறக்கிய ரொட்டிக்காரரின் மாவு மூட்டைகள் மேல் விழுந்தேன். பெட்டி தண்ணீரில். புது சூட்டு, உன் அத்தைக்கு வாங்கிய பட்டுத்துணி, கரடிப் பொம்மை, எல்லாம். ஊரே நான் கொலை செய்வேன் என்று காத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, மாவு பறக்க, நிறுத்த முடியாமல் சிரித்தேன். பந்தெலிஸ் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தையே பார்த்தான்.

"பயந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமாடா" என்றேன். "ரொம்ப."

மறுநாள் பெட்டி நீளமணலில் ஒதுங்கியது. டென்மார்க்காரர் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தார். சூட் சுருங்கி உன் அளவுக்கு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தியோதோசிஸ் மாமாவின் கால்சட்டையை, இடுப்பில் கயிறு கட்டி, போட்டுக்கொண்டு உன் அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் மாப்பிள்ளை நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பாதிரியார் முறைத்தார். "மாப்பிள்ளை பயப்படுறாரு, சாமி. நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவள் கை கதகதப்பாக இருந்தது, அவன் கை பனிக்கட்டி. இரண்டையும் கொஞ்ச நேரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். உன் அம்மா முதுகில் குத்திய பிறகுதான் விட்டேன்.

சங்கத்தில் யாராவது கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு: பெட்டி இரண்டாவது தடவையும் கடலுக்குப் போயிற்று.

ஒன்று பாக்கி இருந்தது. வந்து எட்டு நாளாகியும் நான் உன் பாட்டியின் கல்லறைக்குப் போகவில்லை. ஏதேதோ சொல்லி நீளமணலில் முழுகிக் கிடந்தேன். உன் அத்தையும் கேட்கவில்லை. இன்று காலை பந்தெலிஸ் வாசலில் வந்து நின்று, "வாங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்றான். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

போனோம். என் அம்மாவின் பெயரைக் கல்லில் முதன்முதலாகப் படித்தேன். வராமல் போனேனே அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது, மரூசா. நிறுத்தவே முடியவில்லை.

பந்தெலிஸ் பக்கத்தில் வந்து நின்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உன் அப்பா